சில்லுக்குள் எடை: ரிமோட் கிரோலர்களின் ஒரு சின்ன வரலாறு

வேகமாக ஓடும் எந்த வாகனத்தை எடுத்தாலும், அதன் சில்லை எப்படி இலேசாக்கலாம் என்றுதான் ஆட்கள் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். பந்தயச் சைக்கிளில் கார்பன் சில்லு. விலை கூடிய காரில் அலுமினியம், மக்னீசியம். நூறு கிராம் குறைக்க நூற்றுக்கணக்கில் காசு கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள்.

ரிமோட் ரொக் கிரோலர் வைத்திருப்பவர்கள் இதற்கு நேர் எதிராக நடப்பார்கள். சில்லைக் கழற்றி, ரயரை உரித்து, உள்ளே இரும்பையும் பித்தளையையும் வைத்து, வேண்டுமென்றே பாரமாக்கி மறுபடி பூட்டுவார்கள். பார்க்கிறவருக்கு இது விசராகத் தெரியும். ஆனால் அப்படிப் பாரமாக்கிய வண்டி, இலேசான வண்டி கவிழ்ந்து விழும் கல்லில் ஏறிப் போகும்.

கிரோலர் தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். இது ஓட்டப் பந்தயக் கார் அல்ல. நாங்கள் நடக்கும் வேகத்தை விட மெதுவாக, கற்களிலும் வேர்களிலும் தவழ்ந்து ஏறும் சின்ன ஜீப். பெரும்பாலும் உண்மையான வாகனத்தின் பத்தில் ஒரு பங்கு அளவு இருக்கும். போட்டியில் இரண்டு குச்சிகளை நட்டு ஒரு படலை மாதிரி வைப்பார்கள். குச்சியில் முட்டாமல், கவிழாமல், பின்னுக்கு எடுக்காமல் அதற்குள்ளால் போக வேண்டும். பிழை விட்டால் புள்ளி ஏறும். கடைசியில் குறைந்த புள்ளி எடுத்தவர்தான் வெல்வார்.

இந்தச் சின்ன விளையாட்டில் சில்லைப் பாரமாக்கும் பழக்கம் எப்படி வந்தது என்று தேடிப் போனால், பாதை ஒரு வயலில் தொடங்குகிறது. நடுவில் ஒரு நச்சு உலோகமும் வருகிறது. இன்றைக்கு உங்களில் பலர் காசு கொடுத்து வாங்கும் பித்தளைச் சாமான்களில் வந்து முடிகிறது. அந்தக் கதையைத்தான் எழுதப் போகிறேன்.

எடை எப்போது எதிரி?

நான் பொறியியலில் முதுகலை படித்தபோது எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லித் தந்தது எடையைக் குறை என்பதுதான். அதிலும் சில்லின் எடையை முதலில் குறை என்றார்கள். அதற்கு இரண்டு காரணம் உண்டு.

முதலாவது, சில்லு முன்னால் போவதோடு சுழலவும் வேண்டும். பாரமான சில்லைச் சுழற்றத் தொடங்கவும் கூடச் சக்தி வேண்டும், நிறுத்தவும் கூடச் சக்தி வேண்டும். இரண்டாவது, சில்லு ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கிறது. பள்ளத்தில் விழுந்து எழும்பும்போது பாரமான சில்லு தரையை விட்டுத் துள்ளும். ஸ்பிரிங்கால் அதை உடனே கீழே அழுத்த முடியாது. லோட்டஸ் கார் நிறுவனத்தை உருவாக்கிய கொலின் சப்மன் பந்தய உலகில் பெயர் எடுத்ததே எடையைக் குறைத்துத்தான்.

இந்த இரண்டு காரணமும் வேகத்தோடு ஒட்டியவை என்பதைக் கவனியுங்கள். வேகம் இல்லாத இடத்தில் என்ன நடக்கும்? மெதுவாக இழுக்கிற, மெதுவாக ஏறுகிற வண்டிக்குச் சில்லின் பாரம் பெரிய சுமை இல்லை. மாறாக, அது ரயரை நிலத்தோடு அழுத்திப் பிடிக்கிற கையாக மாறலாம். இதை முதலில் பெரிய அளவில் கண்டவர்கள் விவசாயிகள்.

1932: ரப்பரும் தண்ணீரும்

ஆரம்பகால உழவு இயந்திரங்களுக்கு இரும்புச் சில்லு. மண்ணைக் கவ்வுவதற்காக அதில் இரும்புப் பற்கள் இருக்கும். வயலில் நன்றாக இழுக்கும். ஆனால் தெருவில் ஏறினால் தெருவையும் உடைக்கும், ஓட்டுகிறவரின் முதுகையும் உடைக்கும்.

1932இல் அமெரிக்காவின் அலிஸ்-சால்மர்ஸ் நிறுவனம் தன் மொடல் யூ உழவு இயந்திரத்தைக் காற்றடைத்த ரப்பர் ரயரோடு விற்கத் தொடங்கியது. ரயரைச் செய்தது ஃபயர்ஸ்டோன். விவசாயிகள் நம்பவில்லை. ரப்பர் எப்படி மண்ணைப் பிடிக்கும் என்று கேட்டார்கள். அவர்களை நம்ப வைக்க நிறுவனம் உழவு இயந்திரங்களை வைத்தே பந்தயம் நடத்திக் காட்டியது. 1933இல் அந்தக் காலத்துப் புகழ்பெற்ற பந்தய ஓட்டுநர் பார்னி ஓல்ட்ஃபீல்ட், வேகத்துக்காக மாற்றியமைத்த ஒரு மொடல் யூவை மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டி ஓட்டினார்.

விளம்பரத்துக்கு அது நல்லது. வயலில் சிக்கல் வேறு. ரப்பர் ரயர் மென்மையாக உருளும். ஆனால் கலப்பை ஆழமாக இறங்கினால் அதே இடத்தில் வழுக்கிச் சுற்றும். எஞ்சினில் பலம் இருக்கிறது, அந்தப் பலத்தை நிலத்துக்குக் கடத்தப் பிடி இல்லை. அதற்கான தீர்வுகளில் ஒன்று எடை. வார்ப்பிரும்பு வட்டுகளைப் பின் சில்லில் போல்ட் போட்டு இறுக்கினார்கள். இன்னொரு வழி இன்னும் மலிவு: ரயருக்குள் தண்ணீர் விடுவது. ஏறக்குறைய முக்கால் பங்குக்குத் தண்ணீரும் மிச்சத்துக்குக் காற்றும். குளிர் நாடுகளில் தண்ணீர் உறைந்துவிடும் என்பதால் கல்சியம் குளோரைட்டைக் கரைத்து விட்டார்கள். அது உறையாது, தண்ணீரை விடப் பாரமும் கூட. இந்த இரண்டு முறையும் இன்றுவரை நடைமுறையில் இருக்கிறது.

ஒன்றை நினைவில் வையுங்கள். உழவு இயந்திரத்தில் எடை பெரும்பாலும் பின் சில்லில்தான். ஏனென்றால் இழுக்கிறது பின் சில்லு. அதே எடை கிரோலருக்கு வரும்போது இடம் மாறும்.

கல் மேல் ஜீப்

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்காவில் ஜீப்புகள் பொதுமக்கள் கைக்கு வந்தன. வயலுக்கும் வேட்டைக்கும் வாங்கியவர்கள் பொழுதுபோக்குக்கும் மலை ஏறத் தொடங்கினார்கள். கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் ரூபிக்கன் என்ற கரடுமுரடான பாதை இருக்கிறது. அங்கே 1953இல் ஜீப் உரிமையாளர்கள் ஒன்றுகூடிப் போன பயணம் வருடாந்தம் நடக்கும் நிகழ்வாக மாறியது. யூட்டா மாநிலத்தின் மோவாப் நகரில் 1967இல் ஈஸ்டர் ஜீப் பயணம் தொடங்கியது. 1990களின் கடைசியில் கல் ஏறுவதே தனிப் போட்டியாகிவிட்டது.

கல்லில் ஏறுகிறவர்கள் ரயரின் காற்றைக் குறைப்பார்கள். காற்றுக் குறைந்த ரயர் சப்பையாகி, கல்லின் வடிவத்துக்கு வளைந்து ஒட்டிக்கொள்ளும். ஆனால் காற்று மிகக் குறைந்தால் ரயர் சில்லை விட்டுக் கழன்றுவிடும். அதனால் ரயரின் விளிம்பை ஒரு வளையத்தால் நெரித்து, சுற்றிவர போல்ட் போட்டு இறுக்கினார்கள். அதன் பெயர் பீட்லொக். இந்தப் பெயரை மறக்காதீர்கள், கீழே மறுபடி வரும்.

போட்டியாளர்கள் சிலர் இன்னொரு வேலையும் செய்தார்கள். முன் ரயருக்குள் தண்ணீர் விட்டார்கள். செங்குத்தான கல்லில் ஏறும்போது வண்டியின் பாரம் பின்னுக்குச் சாயும். முன் சில்லு இலேசாகித் தூக்கும். பிறகு வண்டி பின்பக்கமாக மல்லாந்து விழும். முன் சில்லில் பாரம் இருந்தால் அது தூக்காது. விவசாயி பின்னுக்கு விட்ட தண்ணீரை இவர்கள் முன்னுக்கு விட்டார்கள். ஒருவரைப் பார்த்துத்தான் மற்றவர் செய்தார் என்று நான் சொல்ல வரவில்லை. மெதுவாகப் போகிற, பிடி தேடுகிற வண்டி எதுவென்றாலும் அதை வைத்திருப்பவர் கடைசியில் சில்லைத்தான் பார்ப்பார்.

ஷிசுவோகாவில் இருந்து வந்த பெட்டி

பெரிய ஜீப்புகள் இப்படி இருக்க, சின்ன ஜீப்புகளின் கதை ஜப்பானில் தொடங்குகிறது. ஷிசுவோகா நகரத்தின் தமியா நிறுவனம் 1976இல் போர்ஷ 934 காரை ரிமோட் மொடலாக வெளியிட்டது. அது தெருக் கார். 1981இல் அதே நிறுவனம் ரொயோட்டா பிக்கப் ஒன்றைச் செய்தது. மூன்று கியர், நான்கு சில்லிலும் இழுவை, உண்மையான வண்டி மாதிரி தகட்டு ஸ்பிரிங். மெதுவாக ஏறக்கூடிய சின்ன வண்டிக்கு அது ஒரு முன்னோடி.

ஆனால் கிரோலர் வரலாற்றில் அதை விட முக்கியமான பெட்டி 1987இல் வந்தது. அதன் பெயர் கிளாட் பஸ்டர். மண்கட்டியை உடைப்பவன் என்று பொருள் சொல்லலாம். பெரிய சில்லுள்ள மொன்ஸ்டர் ட்ரக்கின் மொடல் அது. கல் ஏறுவதற்காகச் செய்யப்படவில்லை. ஆனால் அதில் ஒரு விசேஷம்: இரண்டு மோட்டார், முன் அச்சில் ஒன்று, பின் அச்சில் ஒன்று. மற்ற வண்டிகளில் வண்டியின் நடுவில் இருக்கும் மோட்டாரின் பாரம், இதில் அச்சிலேயே தாழ்வாகக் கிடந்தது.

அமெரிக்காவில் பொழுதுபோக்காக வண்டி கட்டுகிறவர்கள் இதைக் கவனித்தார்கள். கிளாட் பஸ்டரின் உடலையும் சட்டத்தையும் தூக்கி எறிந்துவிட்டு, இரண்டு அச்சை மட்டும் எடுத்தார்கள். நடுவில் தாங்களே அலுமினியத்தை வெட்டி, வளைத்து, துளைபோட்டு ஒரு மெல்லிய சட்டம் செய்தார்கள். 2000களின் முதல் பகுதியில் கல் ஏறிய ரிமோட் வண்டிகளில் நிறைய இப்படி வீட்டில் கட்டப்பட்டவைதான். கடையில் கிரோலர் என்று ஒரு பெட்டி வருவதற்கு முன்பே, கிரோலர் ஓடிக்கொண்டிருந்தது.

2007இல்தான் கலிபோர்னியாவின் ஆக்சியல் நிறுவனம் ஏஎக்ஸ்10 ஸ்கோர்ப்பியன் என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. தனியாக அச்சுத் தேட வேண்டாம், சட்டம் வெட்ட வேண்டாம். அதோடு பீட்லொக் சில்லும் வந்தது. பெரிய ஜீப்பில் காற்றில்லாத ரயரைப் பிடித்து வைக்க வந்த அந்த வளையம், சின்ன வண்டியில் வேறொரு வேலை செய்தது. அதுவரை ரிமோட் காரின் ரயரைச் சூப்பர் குளூவால் சில்லோடு ஒட்டிவிடுவார்கள். மறுபடி திறப்பதென்றால் கொதிதண்ணீரில் போட வேண்டும் அல்லது அசிட்டோனில் ஊற வைக்க வேண்டும். பீட்லொக்கில் ஆணியைக் கழற்றினால் போதும். திறந்து, ஏதாவது போட்டு, மூடி, ஓட்டிப் பார்த்து, சரிவராவிட்டால் பத்து நிமிடத்தில் மறுபடி திறக்கலாம். பரிசோதனை செய்வது மலிவானது. அதோடு சில்லுக்குள் எடை போடும் பழக்கமும் வேகமாகப் பரவியது.

மேசையில் கிடந்த ஈயம்

முதலில் போட்டது கையில் கிடைத்ததைத்தான். சிலர் காற்றுத் துப்பாக்கிக்குப் போடும் சின்ன இரும்புக் குண்டுகளை ரயருக்குள் கொட்டினார்கள். அதில் ஒரு புத்தி இருக்கிறது. குண்டுகள் ஒட்டப்படாததால் சில்லு எப்படிச் சுழன்றாலும் அவை உருண்டு கீழேயே கிடக்கும். பாரம் எப்போதும் நிலத்துக்கு மிகக் கிட்ட. குறை என்னவென்றால் கிலுகிலுப்பை மாதிரிச் சத்தம் போடும்.

கூடப் பேர் பயன்படுத்தியது ஒட்டு எடை. உங்கள் அப்பாவின் காருக்கு ரயர் மாற்றும்போது, சில்லு ஆடாமல் சுழல்வதற்காக உள்விளிம்பில் சின்னச் சின்ன உலோகக் கட்டிகளை ஒட்டுவார்கள். பார்த்திருப்பீர்கள். ஐந்து கிராம், பத்து கிராம் என்று ஒரு பட்டியாக வரும். வேண்டிய அளவு முறித்து எடுக்கலாம். ரயர் கடையில் மலிவு. அதை ரிமோட் வண்டியின் சில்லைச் சுற்றி ஒரு மாலை மாதிரி ஒட்டினார்கள். மேலே ஸ்பொஞ்சை வெட்டி வைத்து, ரயரைப் போட்டு மூடினார்கள்.

அந்தக் கட்டிகளில் பெரும்பாலானவை அந்தக் காலத்தில் ஈயம்.

இங்கே ஒரு சொல் விளக்கம் வேண்டும். அம்மம்மா, அப்பம்மா யாராவது பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதைப் பற்றிச் சொல்லியிருந்தால், அது வெள்ளீயம். பித்தளைப் பாத்திரத்தில் புளி பட்டுக் கெடாமல் இருக்கப் பூசுவது. சில்லில் ஒட்டியது காரீயம். தமிழில் இரண்டையும் ஈயம் என்றே சொல்வதால் குழப்பம் வரும். ஆனால் ஒன்று சமையலுக்குப் பூசியது, மற்றது நஞ்சு.

காரீயம் எடைக்கு மிக வசதியான உலோகம். ஒரு கன சென்டிமீட்டர் 11.3 கிராம். இரும்பு 7.9 கிராம்தான். மென்மையானது, கத்தியால் வெட்டலாம், கையால் வளைக்கலாம். வெட்டும்போது தூசு வரும், கையில் ஒட்டும். அந்தக் கையால் பிஸ்கட் எடுத்துச் சாப்பிட்டால் உடம்புக்குள் போகும். வளரும் பிள்ளையின் மூளையையும் நரம்பையும் அது பாதிக்கும். பிள்ளைகளின் இரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய பாதுகாப்பான அளவு எதுவும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

பெரும்பாலும் இந்த வேலை நடந்த இடம் வீட்டு மேசை. பக்கத்தில் பிள்ளைகள் இருப்பார்கள். இது பிள்ளைகளோடு சேர்ந்து செய்யும் பொழுதுபோக்கு.

இதை மாற்றியது ரிமோட் உலகம் அல்ல. உண்மையான கார்களில் இருந்து இந்த ஈயக் கட்டிகள் கழன்று தெருவில் விழுகின்றன, மற்ற வாகனங்கள் ஏறி அரைக்கின்றன, தூசும் மழைத் தண்ணீரும் அதைக் கொண்டுபோகின்றன என்ற கவலை எழுந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2005 ஜூலையில் இருந்து புதிய பயணிகள் கார்களுக்கு ஈயச் சில்லு எடையைத் தடுத்தது. கலிபோர்னியா 2010இல் தடுத்தது. வேறு சில அமெரிக்க மாநிலங்களும் தடுத்தன. ரயர் கடைகளின் பட்டிகள் மெல்ல மெல்ல இரும்புக்கும் துத்தநாகத்துக்கும் மாறின. கடையில் இருப்பது மாறியதும், பொழுதுபோக்குக்காரர் மேசையில் இருப்பதும் மாறியது. ஒரு தெருச் சட்டம் சத்தமில்லாமல் ஒரு விளையாட்டையும் சுத்தப்படுத்தியது.

இன்றைக்கும் பழைய வண்டி ஒன்றை யாரிடமாவது வாங்கினால், சில்லைத் திறக்கும்போது கவனமாக இருங்கள். உள்ளே மென்மையான, சாம்பல் நிற, நகத்தால் கீறக்கூடிய கட்டி இருந்தால் அது ஈயமாக இருக்கலாம். காந்தம் ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால் கையுறை போடுங்கள், வெட்டாதீர்கள், உரசாதீர்கள். உங்கள் ஊரில் ஆபத்தான கழிவு எடுக்கும் இடத்தில் கொடுங்கள்.

200 கிராமின் கணக்கு

ஏன் சில்லில் போட வேண்டும், வேறு இடத்தில் போட்டால் என்ன? இதை நம்பிக்கையாக விடாமல் கணக்காகப் பார்ப்போம். கணித வகுப்பில் படித்த டான்ஜன்ட் போதும்.

ஒரு வண்டியைக் கற்பனை செய்யுங்கள். எடை 2 கிலோ. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையில் 313 மில்லிமீட்டர். பத்தில் ஒரு பங்கு கிரோலர்களில் இது வழக்கமான அளவு. இடது ரயருக்கும் வலது ரயருக்கும் இடையில் 200 மில்லிமீட்டர். புவியீர்ப்பு மையம் சரி நடுவில், நிலத்தில் இருந்து 100 மில்லிமீட்டர் உயரத்தில் என்று வைப்போம்.

வண்டி சரிவில் நிற்கும்போது, புவியீர்ப்பு மையத்தில் இருந்து நேர் கீழே ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோடு பின் ரயரைத் தாண்டிப் பின்னால் விழுந்தால் வண்டி மல்லாந்து விழும். கணக்குப்படி இந்த வண்டி மேலே ஏறும்போது 57.4 பாகையில் கவிழும். இறங்கும்போதும் அதே 57.4. பக்கவாட்டில் 45.

இப்போது முன் சில்லு ஒவ்வொன்றுக்குள்ளும் 100 கிராம், மொத்தம் 200 கிராம் போடுங்கள். சில்லைச் சுற்றி ஒட்டிய எடையின் மையம் அச்சின் உயரத்தில், ஏறக்குறைய 60 மில்லிமீட்டரில் இருக்கும். மறுபடி கணக்குப் பார்த்தால் ஏறும் கோணம் 60.6 பாகை. பக்கவாட்டில் 46. மூன்று பாகை சின்ன இலக்கமாகத் தெரியும். கல்லுக்கு முன்னால் நின்று பார்த்தால், ஏறுவதற்கும் விழுவதற்கும் உள்ள வித்தியாசம் பல நேரம் அவ்வளவுதான்.

அதே 200 கிராமை அதே முன் அச்சுக்கு மேலே, ஆனால் பொனெட்டில், 180 மில்லிமீட்டர் உயரத்தில் வைத்தால்? ஏறும் கோணம் 57.9. கிட்டத்தட்ட ஒரு மாற்றமும் இல்லை. பக்கவாட்டுக் கோணம் 43 ஆகக் குறைந்துவிட்டது. ஒரே உலோகம், ஒரே எடை, உயரம் மட்டும் வேறு.

தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை யாருடைய வீட்டு அலுமாரியிலாவது பார்த்திருப்பீர்கள். எந்தப் பக்கம் தள்ளினாலும் எழும்பி நிற்கும். அதன் அடிப்பாகம் பாரம், மேல் பாகம் இலேசு. அடியில் இருக்கிற களிமண்ணைத் தலையில் வைத்துப் பொம்மை செய்தால் அது படுத்தே கிடக்கும்.

சில்லு எடைக்கு இன்னொரு நன்மையும் உண்டு. வண்டியின் உடல் ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. சரிவில் அது ஒரு பக்கம் சாயும், அதோடு பாரமும் சாயும். சில்லுக்குள் இருக்கும் எடை ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பதால் அது சாயாது.

ஆனால் இதில் இலவசம் எதுவும் இல்லை. முன்னால் 200 கிராம் போட்ட அதே வண்டி கீழே இறங்கும்போது என்ன ஆகும்? 57.4 பாகையாக இருந்தது 55.9 ஆகக் குறையும். ஏறுவதில் மூன்று பாகை எடுத்தோம், இறங்குவதில் ஒன்றரைப் பாகை கொடுத்தோம். அது போக, சில்லைத் திருப்பும் சேர்வோ மோட்டார் கூட உழைக்க வேண்டும். கல்லிடுக்கில் சில்லு சிக்கும்போது அச்சின் மூட்டுகள் கூட நெருக்கடியைத் தாங்க வேண்டும். பற்றரி கொஞ்சம் சீக்கிரம் முடியும். எடை கூட்டிக்கொண்டே போனால் முதலில் உடைவது அந்த மூட்டுகள்தான்.

பித்தளைக் காலம்

வீட்டு மேசையில் ஆட்கள் கண்டுபிடித்ததை நிறுவனங்கள் பிறகு சாமானாக்கி விற்றன. இரும்பு வளையம், பித்தளை வளையம், பித்தளை அச்சு மூடி, முன் சில்லைப் பிடிக்கும் மூட்டையே பித்தளையில் வார்த்தது என்று பட்டியல் நீண்டது. பித்தளை ஒரு கன சென்டிமீட்டர் ஏறக்குறைய 8.5 கிராம். ஈயம் அளவுக்குப் பாரம் இல்லை, ஆனால் இரும்பை விடக் கூட. இலகுவாகக் கடையலாம், துருப்பிடிக்காது, பார்க்கவும் வடிவு. ஒன்றைச் சொல்ல வேண்டும்: இலகுவாகக் கடைவதற்காகச் சில வகைப் பித்தளையில் இரண்டு மூன்று வீதம் ஈயம் கலந்திருக்கும். அதனால் பித்தளையைத் தொட்டு வேலை செய்தாலும் சாப்பிட முதல் கையைக் கழுவுங்கள்.

2019 கடைசியில் ஆக்சியல் நிறுவனம் எஸ்சிஎக்ஸ்24 என்ற மிகச் சின்ன வண்டியைக் கொண்டுவந்தது. 24இல் ஒரு பங்கு அளவு. அடுத்த வருடம் உலகமே வீட்டுக்குள் அடைந்தது. வரவேற்பறையில் புத்தகங்களை அடுக்கி மலை கட்டி ஓட்டக்கூடிய வண்டிக்கு அதை விட நல்ல காலம் இல்லை. அந்த அளவுக்கென்றே பித்தளைச் சாமான்கள் குவிந்தன. இன்று வண்டியை விடக் கூடக் காசுக்குப் பித்தளை வாங்கிப் பூட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

எங்கள் பகுதியில் வார இறுதியில் பூங்காக் கல்லில் வண்டி ஓட்டும் பிள்ளைகளில் ஒருவன் என்னிடம் கேட்டான்: "அண்ணா, எல்லாரும் பித்தளை போடுறாங்கள். நானும் வாங்கட்டோ?"

அவனுடைய வண்டியைப் பார்த்தேன். கூரையில் சாமான் தட்டு, அதில் சின்ன எண்ணெய்க் கேன்கள், ஒரு விளக்குப் பட்டி, ஒரு உதிரிச் சில்லு. வடிவாகத்தான் இருந்தது. "முதல்ல மேல இருக்கிற எல்லாத்தையும் கழற்றிப் போட்டு ஓட்டிப் பார் தம்பி" என்றேன். கழற்றினான். அதுவரை மூன்று முறை மல்லாந்து விழுந்த கல்லில் வண்டி ஏறியது. காசு செலவில்லை. மேலே இருப்பதை எடுப்பதும் கீழே போடுவதும் ஒரே கணக்கின் இரண்டு பக்கம். கடைக்காரர் அதில் ஒரு பக்கத்தைத்தான் விற்க முடியும்.

பெயர் இல்லாத வரலாறு

இந்தக் கதையில் நிறுவனங்களுக்குப் பெயர் இருக்கிறது. பெட்டிகளுக்கு ஆண்டு இருக்கிறது. ஆனால் முதன்முதலில் ஒரு சின்ன வண்டியின் ரயருக்குள் எடை போட்ட ஆள் யார் என்று கேட்டால் காட்டுவதற்குப் பெயர் இல்லை. காப்புரிமை எடுக்காமல், ஒருவர் செய்து பார்த்து, மற்றவருக்குச் சொல்லி, அவர் இன்னும் கொஞ்சம் மாற்றி, அப்படியே வளர்ந்த அறிவு இது. உழவு இயந்திரத்தின் ரயருக்குள் முதலில் தண்ணீர் விட்ட விவசாயிக்கும் இதே நிலைமைதான்.

இப்படி வரும் அறிவுக்கு ஒரு பலமும் ஒரு ஆபத்தும் இருக்கிறது. ஆட்கள் கையால் தொட்டுக் கண்டுபிடித்ததால் அது வேலை செய்யும். ஆனால் ஏன் வேலை செய்கிறது என்பது வழியில் உதிர்ந்துபோகும். "சில்லில் எடை போடு" என்ற வசனம் மட்டும் மிஞ்சும். அப்போதுதான் நான்கு சில்லிலும் ஒரே அளவு எடையைப் போட்டுவிட்டுக் கூரையிலும் பாரம் ஏற்றுவார்கள். ஈயம் என்ன செய்யும் என்று தெரியாமல் சாப்பாட்டு மேசையில் வெட்டியதும் அப்படித்தான்.

உங்களிடம் கிரோலர் இருந்தால் இதைச் செய்து பாருங்கள். சமையலறைத் தராசு ஒன்று எடுங்கள். முன் இரண்டு சில்லையும் தராசில் வைத்து, பின் சில்லைத் தராசின் அதே உயரமுள்ள புத்தகத்தில் வைத்து எடையைக் குறியுங்கள். பிறகு மாற்றி வைத்துப் பின் சில்லின் எடையைக் குறியுங்கள். முன்னால் எத்தனை வீதம் என்று தெரியும். ஒரு பலகையில் உப்புத் தாளை ஒட்டி, அதில் வண்டியை நிறுத்தி, ரயர் வழுக்காமல் அடியில் ஒரு குச்சியை முண்டு கொடுத்து, மெதுவாகத் தூக்குங்கள். எந்தப் பாகையில் கவிழ்கிறது என்று கைத்தொலைபேசியை வைத்து அளக்கலாம். ஏறும் பக்கம், இறங்கும் பக்கம், பக்கவாட்டு, மூன்றையும் அளவுங்கள். பிறகு மேலே இருக்கும் ஒன்றைக் கழற்றுங்கள், மறுபடி அளவுங்கள். அதற்குப் பிறகுதான் முன் சில்லில் பத்துப் பத்துக் கிராமாகக் கூட்டுங்கள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும்.

அளந்ததை ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி வையுங்கள். உங்கள் இலக்கங்களை எனக்கும் அனுப்புங்கள், அடுத்த பதிவில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு ஒப்பிடலாம். இந்த வரலாற்றில் இதுவரை எழுதி வைத்தவர்கள் குறைவு.